திருப்பினால் போதாது, திருத்தவும் வேண்டும்!



போன மாதச் சுவர் இதழில் கவிதை, விடுகதை, கோலம், சிரிப்பு மூலை எல்லாம் வந்திருந்தன. கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "கணக்கைப் பத்தி எழுதினா யாரு நின்னு படிப்பா?" என்று நம் இதழ்க் குழுவிலேயே சிரித்தார்கள். இந்தப் பலகை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, வரிசையில் நிற்கும்போதாவது படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இனி திருப்புதல்தான். புள்ளியியல் படிக்கும் நம் எல்லோர் பையிலும் ஒரு தேர்வுத் தயாரிப்பு நூல் இருக்கிறது. (பெயர் வேண்டாம். நம்மில் சிலர் அட்டை கிழிந்து பெயரே தெரியாமல்தான் வைத்திருக்கிறோம்.) அதில் நிகழ்தகவுப் பாடத்துக்குப் பயிற்சி வினாக்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அக்காமார்களும் அண்ணன்மார்களும் நமக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "நிகழ்தகவா? அஞ்சே மாதிரிதான். காசு, பகடை, சீட்டு, பந்து, லீப் வருஷம். ரெண்டு தடவை திருப்பிப் போட்டுட்டா முழு மார்க்."

இந்த அறிவுரையில்தான் எனக்குச் சண்டை. சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு இதற்கெல்லாம் திரும்பத் திரும்பப் போடுவது சரி. அங்கே கை பழக வேண்டும், கூட்டலில் பிழை வரக்கூடாது, அவ்வளவுதான். நிகழ்தகவு அப்படிப்பட்ட பாடம் இல்லை. இங்கே கணக்கு போடுவது அரை நிமிட வேலை. கேள்வி என்ன கேட்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலை. ஆகவே இந்தப் பாடத்துக்கு மட்டும் திருப்புதல் என்பது கணக்கை மறுபடி போடுவதாக இருக்கக் கூடாது, கேள்வியை மறுபடி எழுதுவதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். அந்த நூலில் வரும் கணக்கு ஒன்று. ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 வெள்ளைப் பந்துகளும் உள்ளன. இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? கேள்வி இவ்வளவுதான். பின்பக்கத்தில் விடை 25/64 என்று இருக்கிறது.

இப்போது பாருங்கள். முதல் பந்தைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால் 5/8-ஐ 5/8-ஆல் பெருக்க வேண்டும், 25/64 வரும். திரும்பப் போடாமல் எடுத்தால்? பையில் மிச்சம் 7 பந்து, அதில் சிவப்பு 4. ஆக 5/8-ஐ 4/7-ஆல் பெருக்கினால் 5/14. முதல் விடை நூற்றுக்கு 39, இரண்டாவது நூற்றுக்கு 35 சொச்சம். எது சரி? கேள்வியில் அதைச் சொல்லவே இல்லை! சொல்லப் போனால், "இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன" என்று மட்டும் படித்தால் யாருமே திரும்பப் போடுவதாக நினைக்க மாட்டார்கள். கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் எடுங்கள் என்றால், ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்போமா?

நம் ஆட்கள் இந்தக் கணக்கை எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? பின்னால் போய் விடையைப் பார்த்து, "ஓ, 25/64-ஆ, அப்போ திரும்பப் போட்டிருக்காங்க" என்று கண்டுபிடிக்கிறார்கள். அதாவது விடையை வைத்துக் கேள்வியைக் கண்டுபிடிக்கிறோம். பொதுத்தேர்வு அறையில் பின்பக்கம் ஏது?

இதே பையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். "இரண்டும் சிவப்பு" என்பதை "குறைந்தது ஒன்று சிவப்பு" என்று ஆக்குங்கள். திரும்பப் போடாவிட்டால் விடை 25/28. "சரியாக ஒன்று சிவப்பு" என்று ஆக்குங்கள், 15/28. "இரண்டும் வெள்ளை", 3/28. பை அதே பை, பந்து அதே பந்து. விடை மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் குதிக்கிறது. இந்த ஒரு கணக்கை ஆறு விதமாகத் திருத்திப் போட்டவள், நூலில் உள்ள பந்துக் கணக்குகளில் பாதியைப் போடத் தேவையே இல்லை. பாதியையும் எண் மாற்றி மாற்றிப் போட்டவள், கேள்வித்தாளில் "குறைந்தது" என்ற சொல் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு மேலே மின்விசிறியைப் பார்ப்பாள். இதை நம் வகுப்பில் முதல் இடைத்தேர்வின்போதே எல்லோரும் பார்த்தோம்.

நாம் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. பிரான்சு நாட்டுக் கணித மேதை தாலம்பேர், 1754-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் காசு சுண்டுவதைப் பற்றி எழுதினார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன? முதல் தடவையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் பூவுக்குப் பிறகு தலை, அல்லது பூவுக்குப் பிறகு பூ. ஆக மூன்று வழி, அதில் இரண்டு நல்லது, எனவே 2/3 என்றார். நம் ஒன்பதாம் வகுப்புத் தங்கையைக் கேட்டால்கூட 3/4 என்று சொல்வாள். அவர் எண்ணிய மூன்று வழிகளும் சமவாய்ப்பு உள்ளவை இல்லை. முதல் வழி மற்ற இரண்டையும்போல இரண்டு மடங்கு கனம். எவ்வளவு பெரிய மேதை! கூறுவெளியை முழுசாக எழுதாமல் விட்டதால் வந்த வினை. நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து நூறு தடவை சுண்டிப் பாருங்கள். தலை விழுந்த தடவைகள் 67 பக்கம் வருகிறதா, 75 பக்கம் வருகிறதா என்று உங்களுக்கே தெரியும். (வகுப்பு நேரத்தில் வேண்டாம்.)

"சமவாய்ப்பு" என்ற சொல் நம் நூலில் எல்லாக் கணக்கிலும் உப்பு மாதிரி கரைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதை வெளியே எடுத்துக் காட்ட லீப் வருடக் கணக்கைவிட நல்ல கணக்கு கிடையாது. லீப் வருடத்தில் 53 ஞாயிற்றுக்கிழமை வர நிகழ்தகவு என்ன? யாரைக் கேட்டாலும் தூக்கத்திலும் 2/7 என்பார்கள். 366 நாளில் 52 முழு வாரம் போக 2 நாள் மிச்சம். அந்த இரண்டு நாளும் ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று ஏழு ஜோடியில் ஒன்றாக இருக்கும். அதில் ஞாயிறு இருப்பது இரண்டு ஜோடி. சரிதான்.

ஆனால் ஏழு ஜோடியும் சமவாய்ப்பு உள்ளவை என்று யார் சொன்னது? நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். நாம் பின்பற்றும் கிரிகோரியன் நாட்காட்டியில் 4-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. நூற்றாண்டு என்றால் மட்டும் 400-ஆல் வகுபட வேண்டும். 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. ஆக 400 ஆண்டுகளில் லீப் ஆண்டுகள் மொத்தம் 97. அந்த 400 ஆண்டுகளின் நாட்களைக் கூட்டினால் 1,46,097. இதை 7-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 20,871 வாரம் வருகிறது. அதாவது 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமைகள் அப்படியே அச்சுப் பிசகாமல் திரும்பி வருகின்றன. அப்படியென்றால் அந்த 97 லீப் ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். 97-ஐ 7-ஆல் வகுக்க முடியுமா? முடியாது! பிறகு எப்படி ஏழு ஜோடியும் சரிசமமாக வரும்? எண்ணிப் பார்த்தால் 28 லீப் ஆண்டுகளில் 53 ஞாயிறு வருகிறது. எனவே உண்மையான விடை 28/97. 2/7-க்கு மிக மிக அருகில், ஆனால் 2/7 அல்ல.

உடனே யாரும் தேர்வில் 28/97 என்று எழுதிவைத்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். அங்கே 2/7 என்றே எழுதுங்கள், அதற்குத்தான் மதிப்பெண். ஆனால் திருப்புதலின்போது பென்சிலால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில், "ஏழு ஜோடியும் சமவாய்ப்பு உள்ளவை எனக் கொள்க" என்று ஒரு வரி சேர்த்து எழுதிப் பாருங்கள். அந்த வரியோடு சேர்ந்தால்தான் 2/7 முழுச் சரி. இதைத்தான் கேள்வியைத் திருத்துவது என்கிறேன்.

இன்னொன்று. சீட்டுக்கட்டு. நம்மில் பாதிப் பேர் வீட்டில் சீட்டுக்கட்டைத் தொட்டால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஆனால் நூலிலோ 52 சீட்டு, நான்கு வகை, கிளாவர், ஸ்பேடு, படம் போட்ட சீட்டு பன்னிரண்டு என்று எல்லாம் நமக்குத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கண்ணால் பார்க்காத பொருளை வைத்து "ராஜா அல்லது ஹார்ட்" என்றால், ஹார்ட் ராஜாவை இரண்டு முறை எண்ணக் கூடாது என்பது எப்படித் தோன்றும்? சூத்திரத்தில் கழித்தல் குறி இருப்பதால் கழிக்கிறோம், அவ்வளவே.

அதற்குப் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறதே தாயக்கட்டை! நீளவாட்டில் நான்கு பக்கம், அதில் 1, 2, 3 புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் கூறுவெளியில் 16 புள்ளிகள். தாயம் என்றால் ஒன்று. ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை. இரண்டு வழி. ஆக தாயம் விழ நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. தாயம் போட்டால்தான் காய் இறக்க முடியும் என்பதால் ஆட்ட ஆரம்பத்தில் எவ்வளவு எரிச்சல் வரும் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். எட்டில் ஒன்றுதானே, எட்டுத் தடவை உருட்டினால் ஒரு தாயம் விழுந்தே தீரும் என்று எங்கள் பாட்டி அடித்துச் சொல்வார். தீராது பாட்டி! எட்டுத் தடவையும் தாயமே விழாமல் போக 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 0.34 வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். "குறைந்தது ஒன்று" என்ற மாதிரிக் கணக்கும், நிரப்பு நிகழ்ச்சியும், சாரா நிகழ்ச்சிகளின் பெருக்கல் விதியும் இந்த ஒரே தாயத்தில் வந்துவிட்டன. சோழியை வைத்து ஆடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். சோழி குப்புற விழுவதும் மல்லாந்து விழுவதும் சமவாய்ப்பா? காசு மாதிரி பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. உருட்டி உருட்டி எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் விளையாட்டு, இதற்குப் போய் இவ்வளவு பெரிய கட்டுரையா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜச் சம்பவம். இது விளையாட்டு இல்லை.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்று ஒரு பெண் வழக்கறிஞர். அவருடைய முதல் குழந்தை 1996-இல் கைக்குழந்தையாக இருக்கும்போதே திடீரென்று இறந்தது. 1998-இல் இரண்டாவது குழந்தையும் அப்படியே. தாய்தான் இரண்டையும் கொன்றார் என்று வழக்கு. குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் சாட்சி சொன்னார். இப்படிப்பட்ட வசதியான குடும்பத்தில் காரணம் தெரியாமல் ஒரு குழந்தை இறக்க நிகழ்தகவு 8,543-இல் ஒன்று. ஆகவே இரண்டு குழந்தை இறக்க, அதை அதாலேயே பெருக்கி, ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று! 1999-இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நம் நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் கணக்கு? "சாரா நிகழ்ச்சிகள் எனில் பெருக்குக" என்ற பக்கத்தில். "எனில்" என்ற அந்தச் சொல்லைத்தான் அவர் விழுங்கிவிட்டார். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. முதல் குழந்தைக்கு ஏதோ பரம்பரைக் குறை இருந்திருந்தால் இரண்டாவதுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சாரா நிகழ்ச்சிகள் என்று சோதிக்காமலே பெருக்கியாயிற்று. அதைவிடக் கொடுமை இன்னொன்று. அந்த எண் சரி என்றே வைத்துக்கொண்டாலும், அது இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறக்கும் வாய்ப்பு. தாய் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு அல்ல. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிதுதானே? இரண்டு அரிதையும் ஒப்பிட்டல்லவா சொல்ல வேண்டும்? நிபந்தனை நிகழ்தகவில் எது நிபந்தனை, எது நிகழ்ச்சி என்று மாற்றிப் போடுகிறோமே, அதே குழப்பம்தான். நமக்கு இரண்டு மதிப்பெண் போகும். அந்தத் தாய்க்கு மூன்று வருடத்துக்கும் மேல் போயிற்று.

2001-இல் இங்கிலாந்தின் அரச புள்ளியியல் கழகம் இந்தக் கணக்கு தவறு என்று வெளிப்படையாகக் கண்டித்தது. 2003-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். வெளியே சொல்லப்படாமல் இருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு தெரியவந்ததுதான் விடுதலைக்கு முக்கியக் காரணம் என்றாலும், நீதிமன்றம் அந்த எண்ணையும் சும்மா விடவில்லை. ஆனால் அவர் அந்தத் துயரத்திலிருந்து மீளவே இல்லை. 2007-இல் இறந்துபோனார். நீதிமன்றத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் பெருக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. "இது பெருக்கக் கூடிய கேள்விதானா?" என்று அன்றைக்கு யாராவது பலமாகக் கேட்டிருந்தால்?

சரி, நம் பள்ளிக்கு வருவோம். என் கருத்தை வகுப்பில் சொன்னபோது வந்த எதிர்ப்புகளை மறைக்க விரும்பவில்லை. "தேர்வுல கேள்வியைத் திருத்து என்றா கேட்கிறார்கள்? விடைக்குத்தானே மார்க்?" என்றாள் ஒரு தோழி. நியாயமான கேள்வி. ஆனால் கேள்வித்தாள் எடுக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதானே! பழைய கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுவார்கள். அவர்கள் மாற்றுவதற்கு முன்னால் நாமே மாற்றிப் பார்த்துவிட்டால் அங்கே போய் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

"நேரம் எங்கே இருக்கு?" என்பது இரண்டாவது எதிர்ப்பு. இதற்கு நான் மசிய மாட்டேன். எண்பது கணக்கை இரண்டு தடவை போட நேரம் இருக்கிறது, எட்டுக் கணக்கை ஐந்து விதமாகத் திருத்த நேரம் இல்லையா?

"நூலில் அச்சடித்தது தப்பாகவா இருக்கும்?" என்று மூன்றாவதாக ஒருவர் கேட்டார். அவருக்காகவே சொல்கிறேன், அதே நூலில் ஒரு நிகழ்தகவுக்கு விடை 7/5 என்று அச்சாகியிருக்கிறது. ஒன்றுக்கு மேல் நிகழ்தகவு! அதையும் நோட்டில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டு, சிவப்பு மையில் கட்டம் கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நான்கு திருப்புதல் தேர்வில் ஏதாவது ஒன்றிலாவது, நிகழ்தகவுப் பகுதியில் ஒரு பழைய கணக்கைக் குறையோடு கொடுங்கள். "இந்த வினாவுக்கு விடை காண இன்னும் என்ன தகவல் வேண்டும்? அதைச் சேர்த்து வினாவைத் திருத்தி எழுதுக" என்று கேளுங்கள். இரண்டு மதிப்பெண் போதும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தாவது நாங்கள் கேள்வியைப் படிக்க ஆரம்பிப்போம். திருத்துவது உங்களுக்குச் சிரமம்தான். ஆளுக்கு ஒரு விடை வரும், எல்லாவற்றையும் படித்துத்தான் பார்க்க வேண்டும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

அதுவரை நாமே ஆரம்பிக்கலாம். கீழே மூன்று வினாக்கள். விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, இந்தப் பலகைக்குக் கீழே தொங்கும் சாக்பீஸ் டப்பாவில் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். நல்ல விடைகளை அடுத்த இதழில் எழுதி ஒட்டுகிறோம்.

1. இரண்டு தாயக்கட்டைகளை உருட்டுகிறீர்கள். நான்காவது உருட்டலில்தான் முதல் தாயம் விழுகிறது. இதற்கு நிகழ்தகவு என்ன? என்னென்ன எடுகோள்களோடு சொல்கிறீர்கள்?

2. சாதாரண வருடத்தில் 53 ஞாயிற்றுக்கிழமை வர நிகழ்தகவு 1/7 என்று நூல் சொல்கிறது. 400 ஆண்டுகளில் சாதாரண ஆண்டுகள் 303. விடை சரியாக 1/7 ஆக இருக்க முடியுமா?

3. ஒரு வகுப்பில் 40 பேர் இருக்கிறார்கள். இருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இருவரும் மாணவிகளாக இருக்க நிகழ்தகவு காண்க. (இதற்கு விடை வேண்டாம். கேள்வியில் என்னென்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். நான் எண்ணியவரை இரண்டு. மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடிப்பவர்களுக்கு இதழ்க் குழு சார்பில் ஒரு பேனா.)

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு, புள்ளியியல் பிரிவு மாணவி ஒருத்தி